சோலைமந்தி வரும் காப்பித் தோட்டத்தில் நிழல் மரங்களை வெட்டலாமா?

கேள்வி: வால்பாறைக்கு அருகே காட்டை ஒட்டி எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் உள்ளது. சிங்கவால் குரங்குகள் கூட்டமாக வந்து காப்பிப் பழத்தையும் பலாவையும் தின்கின்றன, சமையலறைக்குள்ளும் நுழைகின்றன. நாட்டு நிழல் மரங்களை வெட்டிவிட்டுச் சில்வர் ஓக் மட்டும் வைத்தால் அவற்றின் வரத்து நிற்குமா?

பதில்: நிற்காது, தொல்லை கூடுவதற்கே வாய்ப்பு மிகுதி. சோலைமந்தி எனப்படும் இக்குரங்கு தொடர்ச்சியான காட்டில் தரையிறங்குவதே அரிது. அத்தி, வெடிப்பலா, பலா, பூச்சிகள் என மரத்தின் மேலேயே இரை தேடி, கிளை வழியாகவே இடம் மாறும். தேயிலைக்காகவும் காப்பிக்காகவும் ஆனைமலைச் சோலைகள் துண்டு துண்டாக வெட்டப்பட்ட பின்னரே, வால்பாறையை அடுத்த புதுத்தோட்டம் எஸ்டேட் போன்ற இடங்களில் அது சாலையைக் கடக்கவும் கூரையில் ஏறவும் பழகியது. உங்கள் தோட்டத்து நாட்டு மரங்களையும் அகற்றினால், அதற்கு எஞ்சும் வழி தரையும் உங்கள் வீட்டு ஓடும்தான்.

காப்பிக்கும் அது நல்லதன்று. நிழல் குறைந்த அராபிகா பாத்திகளையே வெள்ளைத் தண்டுத் துளைப்பான் விரும்பித் தாக்கும் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். குரங்கு தின்னும் பழத்தைவிட அந்த வண்டு கொல்லும் செடிகளின் இழப்பு பெரிது. மேலும், மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955-இன்படி அனுமதியின்றி மரம் வெட்டுவது குற்றமாகும்.

ஆகவே, கவாத்தின்போது கிளைகளைக் குறைத்தாலும் மரத்துக்கு மரம் உச்சிகள் தொடும்படி ஒரு வரிசையைக் காட்டோரமாக விட்டுவையுங்கள். அவ்வரிசையில் உள்ள பலாவையும் அத்தியையும் குரங்குகளுக்கே விட்டுவிட்டு, வீட்டருகே உள்ள பலாக்காய்களை முற்றியதும் பழுக்கும் முன்பே இறக்கிவிடுவது நல்லது. காட்டோரப் பாத்திகளில் பழுத்ததை முதலில், இடைவெளி குறைத்துப் பறியுங்கள். குரங்கு சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடும். உதிர்ந்து கிடப்பவற்றை விட்டுவைத்தால் காய்த் துளைப்பான் பெருகும் என்பதால் எப்படியும் அவற்றைப் பொறுக்கத்தான் வேண்டும், பொறுக்கியதைத் தனியே உலர்த்துங்கள்.

சமையலறைத் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் குப்பையும், சுற்றுலா வருவோர் வீசும் தின்பண்டமும்தான். சன்னல்களுக்குக் கம்பிவலையும் குப்பைத் தொட்டிக்கு இறுகும் மூடியும் போடாமல் வெடி வெடிப்பதில் பயனில்லை. சில நாளில் அவை ஓசைக்குப் பழகிவிடும் என்பதே என் கருத்து.

கண்ணி, நஞ்சு, மின்கம்பி ஆகியவற்றை எண்ணிப் பார்க்கவும் வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் இவ்வினம் மொத்தமே நாலாயிரம் அளவில்தான் இருக்கும் என மதிப்பிடப்படுகிறது. ஒரு பெண் குரங்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும் என்பதால், இழந்ததை ஈடுசெய்யப் பல்லாண்டுகள் ஆகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ள இதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

தோட்டத்தின் நடுவே சாலை சென்று, இருபுற மரங்களும் தொடாமல் இருந்தால், குரங்குகள் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கடக்க உதவும் பாலம் கேட்டு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வால்பாறையில் பழைய தீயணைப்புக் குழாய்களால் அமைத்த பாலங்களைச் சோலைமந்திகள் பயன்படுத்தி வருகின்றன. இடைவெளியில் அத்தி, வெடிப்பலாக் கன்றுகளைத் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நடலாம். அவை உச்சி கோக்கும் வரை பாலம் தேவைப்படும்.