கிரியாட்டினின் நார்மல்னா கிட்னி பத்தி கவலையே வேண்டாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 42 வயசு, உயரம் 168 செ.மீ., வெயிட் 98 கிலோ. போன மாசம் டெஸ்ட் எடுத்ததுல ட்ரைகிளிசரைடுங்கிற கொழுப்பு 310, எல்டிஎல்ங்கிற கெட்ட கொழுப்பு 165. சுகர் இல்ல, கிட்னி வடிகட்டி வெளியேத்துற கழிவான கிரியாட்டினினும் ரத்தத்துல 0.9 தான். ஆனா ரிப்போர்ட்ட பாத்த டாக்டர் "வெயிட்ட குறைங்க, இல்லேன்னா கிட்னி அடிவாங்கும்"னு சொல்லிட்டாரு. கொழுப்பு ஏறினா ஹார்ட்டுக்குத்தான ஆபத்து, கிட்னிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: அவர் சொன்னது சரிதாங்க. ஒரு கிட்னியில சுமாரா 10 லட்சம் வடிகட்டி இருக்கும், பொறந்ததுக்கு அப்புறம் புதுசா ஒண்ணுகூட உருவாகாது. நீங்க 65 கிலோ இருந்தாலும் 98 கிலோ இருந்தாலும் வேல பாக்குறது அதே வடிகட்டிங்கதான், அதனால வெயிட் ஏற ஏற ஒவ்வொண்ணும் பெருத்து, உள்ள பிரஷர் கூடி, அளவுக்கு மீறி வடிகட்ட ஆரம்பிச்சிடும். போடோசைட்னு ஒரு செல், விரல விரிச்சு பிடிச்ச மாதிரி அந்த வடிகட்டிய பத்திக்கிட்டு இருக்கும், புரோட்டீன் வெளிய போகாம தடுக்குறது அதுதான். வடிகட்டி பெருக்கும்போது இந்த செல் இழுபட்டு, ஒரு கட்டத்துல பிடி விட்டு உதிர்ந்துடும், அது போன இடம் தழும்பா இறுகிடும்.

இதுல கஷ்டம் என்னன்னா, இந்த நேரத்துல கிரியாட்டினின் நல்லாவே இருக்கும், ஏன்னா கிட்னி வழக்கத்தவிட அதிகமா வடிகட்டிட்டு இருக்கு. கிட்டத்தட்ட பாதி வேலத்திறன் போற வரைக்கும்கூட அது நார்மல்னே காட்டலாம். அதனால 0.9ன்னு பாத்து நிம்மதியா இருந்துடாதீங்க. யூரின்ல ஆல்புமின்-கிரியாட்டினின் ரேஷியோ பாருங்க, ஆல்புமின்ங்கிற புரோட்டீன் யூரின்ல எவ்வளவு கசியுதுன்னு அது காட்டும், 30 mg/g-க்கு கீழ இருக்கணும். ஜுரம் இருக்கும்போதோ கடுமையா எக்சர்சைஸ் பண்ண மறுநாளோ குடுத்தா கூடுதலா காட்டும், அதனால ஒரே ரிசல்ட்ட வச்சு பயப்படவும் வேண்டாம், திரும்ப எடுத்து பாக்கணும். யூரின் போனதும் நுரை வர்றது சகஜம், ஆனா தண்ணி ஊத்தியும் சோப்பு நுரை மாதிரி தினமும் அப்படியே நின்னா உடனே காட்டுங்க.

கொழுப்பு விஷயத்துக்கு வர்றேன். ரத்தத்துல இருக்குற அதிக கொழுப்பு கிட்னி செல்லுக்குள்ளயே படிஞ்சு அத நேரடியா கெடுக்கும்ங்கிற கருத்து 1982லயே வந்தது, விலங்குகள்ல அது தெளிவாவும் தெரிஞ்சது. மனுஷங்கள்ல கொலஸ்ட்ரால குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை ஹார்ட்ட நல்லாவே காப்பாத்துது, ஆனா கிட்னி கெடுறத பெருசா தடுத்த மாதிரி தெரியல. அதனால எழுதிக்குடுத்தா கண்டிப்பா சாப்பிடுங்க, ஆனா மாத்திரை போடுறோம்ல, கிட்னிய அது பாத்துக்கும்னு வெயிட்ட விட்டுடாதீங்க. இதுக்கு மறுபக்கமும் ஒண்ணு இருக்கு, யூரின்ல புரோட்டீன் நிறைய போனா அத ஈடுகட்ட லிவர் வேகமா வேல செஞ்சு கொலஸ்ட்ராலும் ஏறும், அதாவது சிலருக்கு கிட்னி கெட்டதாலதான் கொழுப்பே ஏறியிருக்கும். உங்களுக்கு யூரின் டெஸ்ட் வேணும்னு நான் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

வெயிட் குறைஞ்சா யூரின்ல போற புரோட்டீனும் குறையுது, இத நானே நிறைய பேர்கிட்ட பாத்திருக்கேன். பிபியையும் செக் பண்ணுங்க, நீங்க அத எழுதவே இல்ல. இன்னொண்ணு, இந்த வெயிட்டுல முழங்கால் வலி வரும், அதுக்கு கடையில நீங்களா வலி மாத்திரை வாங்கி தினமும் போட்டுடாதீங்க, ஏற்கனவே திணறிட்டு இருக்குற கிட்னிய அது இன்னும் வேகமா கெடுத்துடும்.