சிறுநீர் உரத்தில் மாத்திரை மிச்சம்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சிறுநீரை உரமாக ஊற்றினால் நாம் முழுங்கின மாத்திரையெல்லாம் கீரையில் ஏறிவிடாதா?

பதில்: கொஞ்சம் ஏறும், தம்பி. எவ்வளவு என்பதுதான் விஷயம். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரிச் எர்த் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு 2012 முதல் ஊர்க்காரர்களிடம் சிறுநீர் வாங்கிப் புல் வயல்களுக்கு விடுகிறது. இதே சந்தேகத்துக்காகப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து லெட்யூஸ் என்ற சாலட் கீரை, கேரட் எல்லாம் வளர்த்துப் பார்த்தார்கள். பயிருக்குள் போனது மிக மிகக் குறைவு.

கேள்வி: லேபில் ஒரு கட்டுக் கீரை கொடுத்தால் போதுமா சார்?

பதில்: போதாது. சிறுநீர் படாத பாத்தி ஒன்று பக்கத்திலேயே வேண்டும், ஊற்றுவதற்கு முன்பே எடுத்த மண்ணும் வேண்டும், இல்லையென்றால் வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? இலையையும் வேரையும் தனித்தனியாக உறையவைத்து உலர்த்தி, பொடித்து, கரைப்பானில் இழுத்து, மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் விடுவார்கள். அந்தக் கருவிக்குக் கண் ரொம்பக் கூர்மை. காபி குடித்த கையோடு மாதிரி எடுத்தால் அந்தக் காஃபினையும் காட்டிவிடும், அதனால் வெறும் தண்ணீர் மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்டிப் பார்ப்பது வழக்கம்.

கேள்வி: ஆறு மாதம் கேனில் மூடி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: அது கிருமிக்கு. 20 டிகிரிக்கு மேல் ஆறு மாதம் என்று உலக சுகாதார நிறுவனம் 2006-இல் சொன்னதும் அதற்காகத்தான். யூரியா அம்மோனியாவாகிக் காரத்தன்மை 9 பி.எச். அளவுக்கு ஏறுவதில் கிருமிகள் சாகும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் இதற்கெல்லாம் அசையாது. சுவிட்சர்லாந்தில் ஆரின் என்ற சிறுநீர் உரம் தயாரிப்பவர்கள் மருந்தை எடுக்கவென்றே ஆக்டிவேட்டட் கார்பன் என்ற, மருந்தை உறிஞ்சிப் பிடிக்கும் கரி வழியாக வடிக்கிறார்கள்.

கேள்வி: கீரையா, காயா, எது ஆபத்து?

பதில்: ஆபத்து என்பது பெரிய வார்த்தை அம்மா. கார்பமசெபின் தண்ணீரோடு மேலே போகும், தண்ணீர் ஆவியாகும், மருந்து இலையிலேயே தங்கும். அதனால் கீரையில் அதிகம், தக்காளி மாதிரிப் பழத்தில் குறைவு. இஸ்ரேலில் சுத்திகரித்த கழிவுநீரில் விளைந்ததை 34 பேருக்குக் கொடுத்துப் பார்த்த 2016 ஆய்வில் அவர்கள் சிறுநீரிலேயே இந்த மருந்து தென்பட்டது. ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவரிடம் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கேள்வி: 'நாட் டிடெக்டட்' என்று ரிப்போர்ட் வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: பக்கத்தில் கண்டறியும் வரம்பு, அதாவது கருவியால் பிடிக்க முடிந்த மிகக் குறைந்த அளவு, எவ்வளவு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லையென்றால் லேபுக்கு போன் போட்டுக் கேளுங்கள். அப்புறம், தேடினது எந்தெந்த மருந்து என்றும் கேளுங்கள், பட்டியல் வைத்துச் செய்யும் சோதனை அதில் இல்லாததைத் தேடாது.