ஸ்லீவா, பைபாஸா? எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய கேள்வி பதில்

நான் லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சை மருத்துவர். எடைக்குறைப்பு அறுவைதான் அன்றாட வேலை. எந்த அறுவை யாருக்குப் பொருந்தும் என்று கேளுங்கள், தெரிந்ததை விரிவாகச் சொல்கிறேன். எந்த மருத்துவமனை நல்லது, எங்கே செலவு குறைவு என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி (சேலம், 38 வயதுப் பெண்): வணக்கம் டாக்டர். 104 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 41. சுகர் கிடையாது. பல வருஷமாக நெஞ்செரிச்சல். தினமும் காலையில் பேன்டோப்ரசோல் போட்டே ஆகவேண்டும். ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைவரை வருகிறது. என் அக்கா ஸ்லீவ் செய்து நன்றாக இளைத்துவிட்டார். எனக்கும் அதையே செய்துவிடலாம் என்கிறார்கள். செய்துகொள்ளட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. எண்டோஸ்கோபி பார்த்தார்களா? உங்கள் கேள்வியில் அதைக் காணோம். பார்க்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான். உணவுக்குழாயின் அடியில் புண் இருக்கிறதா, இரைப்பை மேலேறி ஹையாட்டஸ் ஹெர்னியா ஆகியிருக்கிறதா என்று தெரியாமல் எந்த அறுவை என்று முடிவு செய்யக்கூடாது.

ஸ்லீவ் என்பது இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் நீளவாக்கில் வெட்டியெடுத்துவிட்டு, மீதியைக் குறுகிய குழாயாக விடுவது. பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரக்கும் மேல்பகுதி அதோடு போய்விடுவதால் பசியும் அடங்கும். குடலைத் தொடுவதில்லை. நல்ல அறுவைதான், நானும் நிறையப் பேருக்குச் செய்கிறேன். ஆனால் சாப்பிட்டதும் விரிந்து கொடுக்கிற பை போய்க் குழாய் வந்துவிட்டால் உள்ளே அழுத்தம் கூடும். அமிலம் மேலே ஏறும். ஏற்கெனவே எதுக்களிப்பு உள்ளவருக்கு அது இன்னும் மோசமாகலாம்.

சுவிட்சர்லாந்தில் ஸ்லீவையும், இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த எஸ்எம்-பாஸ் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2018-இல் வந்தது. எதுக்களிப்பு மோசமானது ஸ்லீவில் சுமார் 32 சதவீதம் பேருக்கு, பைபாஸில் 6 சதவீதம் பேருக்கு. அது நீங்கியது ஸ்லீவில் 25 சதவீதம் பேருக்கு, பைபாஸில் 60 சதவீதம் பேருக்கு. பின்லாந்தின் ஸ்லீவ்பாஸ் ஆய்வில் பத்தாண்டு கழித்து எண்டோஸ்கோபி பார்த்தபோது உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு இருந்தது, பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்கு.

பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறோம். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு அதன் வழியாகப் போகாது. பித்தநீர் இன்னொரு இணைப்பின் வழியாகக் கீழே வந்து சேரும். சிறு பையில் அமிலம் குறைவு, பித்தமும் மேலே வராது. அதனால்தான் நெஞ்செரிச்சல்காரர்களுக்கு இது பொருந்துகிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பைபாஸ் பக்கம்தான் சாய்வேன். எண்டோஸ்கோபி முடிவைப் பார்த்துவிட்டு உங்கள் மருத்துவர் ஸ்லீவ்தான் என்று சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். “பிறகு தொந்தரவு வந்தால் பைபாஸாக மாற்றிக்கொள்ளலாம்” என்பதைக் காரணமாக ஏற்காதீர்கள். அதற்கு இரண்டாவது முறை மேஜையில் படுக்கவேண்டும். இரண்டாவது அறுவைக்கு ஆபத்தும் அதிகம்.

கேள்வி (திருச்சி, 41 வயது): சார், எதில் அதிக கிலோ குறையும்? அதை மட்டும் சொல்லுங்கள்.

பதில்: அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 110 கிலோ இருக்கும் ஒருவருக்கு உயரப்படி 70 இருக்கவேண்டும் என்றால் அதிகப்படி 40 கிலோ. ஸ்லீவ்பாஸ் ஆய்வின் பத்தாண்டுக் கணக்கில் அந்த அதிகப்படியில் குறைந்தது ஸ்லீவில் 43.5 சதவீதம், பைபாஸில் 50.7 சதவீதம். அதாவது 17 கிலோவும் 20 கிலோவும். இடையில் இருப்பது மூன்று கிலோ. முதல் வருஷத்தில் இதைவிட நிறையவே குறையும்; பிறகு கொஞ்சம் திரும்பி ஏறும், இரண்டு அறுவையிலும்தான். அந்த மூன்று கிலோவுக்காக அறுவையைத் தேர்வு செய்யவேண்டாம். நெஞ்செரிச்சல், சுகர், நீங்கள் விழுங்கும் மற்ற மாத்திரைகள், வாழ்நாள் முழுக்கச் சத்து மாத்திரை போடும் ஒழுங்கு இருக்கிறதா என்பது, இவைதான் முடிவு செய்யவேண்டும்.

கேள்வி (மதுரை, 46 வயது ஆண்): பிஎம்ஐ 34. பன்னிரண்டு வருஷமாக சுகர், இரண்டு வருஷமாக இன்சுலின். அறுவை செய்தால் சுகர் அடியோடு போய்விடும் என்கிறார்களே?

பதில்: “அடியோடு” என்று யாரும் உறுதி தரமுடியாது. அமெரிக்காவில் ஸ்டாம்பீட் ஆய்வில் ஐந்தாண்டு கழித்து எச்பிஏ1சி (மூன்று மாத சுகர் சராசரி) 6-க்குள் வந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. முழுதாக நீங்காதவர்களுக்கும் மருந்தின் அளவு நன்றாகக் குறைந்தது, அதுவே பெரிய லாபம். சுகர் வந்து எத்தனை வருஷம், இன்சுலின் போடுகிறீர்களா, கணையத்தில் மிச்சம் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். கணையத்தின் சக்தியைக் காட்டும் சி-பெப்டைட் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உங்களைப் போன்றவருக்கு ஸ்லீவைவிட பைபாஸ் ஒரு படி மேல். பிஎம்ஐ 34 போதாதோ என்று கவலைப்படவேண்டாம். 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலின்படி ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே அறுவையை யோசிக்கலாம்.

கேள்வி (விழுப்புரம், 24 வயதுப் பெண்): பிஎம்ஐ 26. மூன்று மாதத்தில் கல்யாணம். ஸ்லீவ் செய்யலாமா?

பதில்: வேண்டாம் தங்கை. உங்களுக்கு இந்த அறுவை எதுவும் தேவையில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): ஸ்லீவ் செய்து ஐந்து வாரம் ஆகிறது. பத்து நாளாக எது குடித்தாலும் வாந்தி. இரண்டு நாளாகக் கால் மரத்துப்போகிறது, நடந்தால் தள்ளாடுகிறது. கண்ணில் ஒன்று இரண்டாகத் தெரிகிறது. அடுத்த வாரம் செக்கப். அதுவரை என்ன சாப்பிடலாம்?

பதில்: அடுத்த வாரம்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே யாரையாவது கூட்டிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். “எடைக்குறைப்பு அறுவை ஆகியிருக்கிறது, பத்து நாள் வாந்தி, தயமின் குறைவாக இருக்கலாம்” என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். தயமின் என்பது வைட்டமின் பி1. அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றக்கூடாது, மூளை பாதிக்கப்படும். சீக்கிரம் போட்டால் பெரும்பாலும் சரியாகும், தாமதித்தால் நிரந்தரமாக நினைவும் நடையும் போகலாம்.

மற்றவர்களும் இதை மனதில் வையுங்கள். எந்த அறுவையானாலும் வாந்தி இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் அது சாதாரணமில்லை.

கேள்வி (பெரம்பலூர்): ஸ்லீவில் மொத்தம் எத்தனை கிலோ குறையும் டாக்டர்?

பதில்: திருச்சிக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி (ஈரோடு, 35 வயது ஆண்): எனக்கு மினி பைபாஸ் சொல்கிறார்கள். ஒரே இணைப்புதான், நேரமும் குறைவு, பலன் பைபாஸ் மாதிரியே என்கிறார்கள். சரியா?

பதில்: பாதி சரி. மினி பைபாஸை 1997-இல் தொடங்கியவர் அமெரிக்காவின் ராபர்ட் ரட்லெஜ். நீளமான இரைப்பைக் குழாய் ஒன்றைச் செய்து, குடலில் வெகுதூரம் கீழே ஒரே இடத்தில் இணைப்பது. எடையும் சுகரும் நன்றாகக் குறையும். பிரான்சில் நடந்த யோமெகா ஆய்வு 2019-இல் வந்தது. இரண்டு வருஷத்தில் எடைக்குறைவில் மினி பைபாஸ் பின்தங்கவில்லை. ஆனால் சத்துக்குறைவுச் சிக்கல் மினியில் ஒன்பது பேருக்கு, பைபாஸில் ஒருவருக்கும் இல்லை. வயிற்றுப்போக்கும் மினியில்தான் அதிகம். பித்தம் இரைப்பைக் குழாய்க்குள் வரும் வாய்ப்பும் உண்டு. நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு நான் மினி செய்வதில்லை.

கேள்வி (திருப்பூர்): டாக்டர், நான்கு வருஷம் முன் மினி பைபாஸ் செய்தவன் நான். 138-இல் இருந்து 84. சுகர் மாத்திரை நின்றுவிட்டது. ஒரு தொந்தரவும் இல்லை. இப்படி எழுதினால் செய்யப்போகிறவர்கள் பயந்துவிடமாட்டார்களா?

பதில்: நீங்கள் நலமாக இருப்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி ஐயா. பயமுறுத்த எழுதவில்லை. வருஷம்தோறும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, கால்சியம், ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்) பார்க்கிறீர்களா?

கேள்வி (அதே திருப்பூர்க்காரர்): முதல் இரண்டு வருஷம் பார்த்தேன். நன்றாக இருப்பதால் பிறகு பார்க்கவில்லை.

பதில்: இந்த வாரமே பாருங்கள். பி12 கல்லீரலில் வருஷக்கணக்கில் சேமிப்பாக இருக்கும். அது தீரும்வரை உடம்பு காட்டிக்கொடுக்காது.

கேள்வி (நாகர்கோவில்): என் தங்கைக்கு மினி பைபாஸ். ஒரு வருஷத்தில் கால் வீங்கி, முடி கொட்டி, தினமும் ஆறேழு தடவை வயிற்றுப்போக்கு. ஆல்புமின் 2.4-க்கு இறங்கிவிட்டது. கடைசியில் மறுபடி திறந்து குடலைத் திருத்தினார்கள். திருப்பூர் அண்ணன் அதிர்ஷ்டசாலி. எல்லோருக்கும் அப்படி நடக்காது.

கேள்வி (சென்னை, அறுவை சிகிச்சை மருத்துவர்): மன்னிக்கவும் சார், குறுக்கிடுகிறேன். யோமெகாவில் சாப்பாடு போகாதபடி 200 சென்டிமீட்டர் குடலை ஒதுக்கினார்கள். இன்று பலர் 150-தான் ஒதுக்குகிறோம். பழைய முறையின் கெடுதலை இன்றைய முறையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. 2022-இல் அமெரிக்க எடைக்குறைப்பு அறுவை மருத்துவர் சங்கமே இதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

பதில்: வாருங்கள் டாக்டர். 150 என்பது நல்ல மாற்றம், ஒப்புக்கொள்கிறேன். அறுவையை அங்கீகரித்ததும் சரி. ஆனால் 150 யாருடைய குடலில்? ஒருவருக்குச் சிறுகுடல் நான்கு மீட்டர், இன்னொருவருக்கு எட்டு மீட்டர். நான்கு மீட்டர்காரருக்கு 150 ஒதுக்கினால் உணவைச் சத்தாக மாற்ற மிஞ்சுவது இரண்டரை மீட்டர்தான். முழுக்குடலையும் அளந்துவிட்டு ஒதுக்குகிறீர்களா?

கேள்வி (சென்னை மருத்துவர்): அளக்கிறேன். எல்லோரும் அளப்பதில்லை, அதை மறுக்கமாட்டேன்.

பதில்: அப்படியானால் நமக்குள் சண்டையே இல்லை. ஈரோட்டுத் தம்பி, உங்கள் மருத்துவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: “முழுக்குடலையும் அளப்பீர்களா, எனக்கு எவ்வளவு மிஞ்சும்?” நாகர்கோவில் அம்மா, உங்கள் தங்கைக்கு நடந்தது அரிதாகவே நடக்கும். ஆனால் நடந்தவருக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது. திருத்திய பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆல்புமின் பாருங்கள்.

கேள்வி (கும்பகோணம்): நாங்கள் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. இதையெல்லாம் படித்த பிறகு மினி பைபாஸ் வேண்டாம் என்று தோன்றுகிறது.

பதில்: சைவர்களுக்கு எந்த பைபாஸும் கூடாது என்றில்லை. ஆனால் நாளுக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போகவேண்டும். இட்லி, ரசம் சாதம், கஞ்சி இவற்றில் அது வராது. சிறிதாகிவிட்ட வயிற்றை அவையே நிரப்பிவிடும். தட்டில் முதலில் பனீர், சுண்டல், சோயா, கெட்டித் தயிர், சோறு கடைசியில். முதல் மாதங்களில் புரத மாவும் தேவைப்படும். இதற்கு வீட்டில் ஒத்துழைப்பு இல்லை என்றால் குடலை ஒதுக்காத ஸ்லீவ்தான் பாதுகாப்பு. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டு மணிநேரம் இடைவெளி விடுங்கள். காபியோடும் இரும்பு மாத்திரை வேண்டாம்.

கேள்வி (வேலூர்): டாக்டர், பைபாஸில் எத்தனை கிலோ...

பதில்: மேலே இருக்கிறது. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி (திண்டுக்கல், மகன்): அப்பாவுக்கு 59 வயது, முழங்கால் தேய்மானம், வலி தாங்காமல் டைக்ளோஃபெனாக் அடிக்கடி போடுகிறார். பீடியும் உண்டு. பைபாஸ் சரியா?

பதில்: பைபாஸ், மினி பைபாஸ் இரண்டுமே அவருக்கு வேண்டாம். குடல் இணைப்பில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் வகை மாத்திரைகள் புண்ணை உண்டாக்கும், ரத்தம் கசியும், ஓட்டையும் விழலாம். பீடி அதைப் பல மடங்காக்கும். வலி மாத்திரையை விடமுடியாதவருக்கு ஸ்லீவ்தான். எந்த அறுவையானாலும் பீடியை முதலில் நிறுத்தவேண்டும்.

பைபாஸ் செய்தவர்கள் எல்லோருக்கும்: பல் வலி, தலைவலி என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். பாரசிட்டமால் மட்டும்.

கேள்வி (காரைக்குடி, 29 வயதுப் பெண்): பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி), பிஎம்ஐ 39. குழந்தைக்காகத்தான் செய்துகொள்ள நினைக்கிறேன்.

பதில்: நல்ல நோக்கம். எடை குறையக் குறைய மாதவிலக்கு ஒழுங்காகி, எதிர்பாராத வேகத்தில் கருத்தரிக்கலாம். ஆனால் அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம்வரை கரு தங்கக்கூடாது, உங்களுக்கே சத்து பற்றாத காலம் அது. பைபாஸ் என்றால் கருத்தடை மாத்திரையை நம்பாதீர்கள், சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். காப்பர்-டி பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். நெஞ்செரிச்சலும் சுகரும் இல்லை என்றால் உங்களுக்கு ஸ்லீவ் போதும்.

கேள்வி (கடலூர்): பலூன், பேண்ட் இவை எப்படி?

பதில்: பலூனை வழக்கமாக ஆறு மாதத்தில் எடுக்கவேண்டும், எடுத்தபின் எடை பெரும்பாலும் திரும்பும். பேண்ட் வழக்கொழிந்துவருகிறது, போட்டவர்களில் பலருக்கு அதை எடுக்கவேண்டி வந்தது.

கேள்வி (கோவை): அறுவையே வேண்டாம், ஊசி போதும் என்கிறார்களே?

பதில்: டிர்செபடைடின் உச்ச அளவில் 72 வாரத்தில் உடல் எடையில் சுமார் 21 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது, நல்ல மருந்து. நிறுத்தினால் எடை ஏறும். பிஎம்ஐ 30 பக்கத்தில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அளவு, பக்கவிளைவு பற்றியெல்லாம் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் கேளுங்கள், அது என் துறை அல்ல.

கேள்வி (நாமக்கல்): காப்பீடு கிடைக்குமா?

பதில்: 2019-இல் ஐஆர்டிஏஐ (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) வகுத்த விதிப்படி பிஎம்ஐ 40, அல்லது கடும் துணைநோய்களோடு 35 இருக்கவேண்டும், மற்ற முறைகள் பலிக்கவில்லை என்பதும் காட்டப்படவேண்டும். காத்திருப்புக் காலம் பாலிசிக்குப் பாலிசி மாறும், உங்கள் பத்திரத்தைப் படியுங்கள்.

கேள்வி (புதுச்சேரி, 44 வயது ஆண்): சுகர் உண்டு, பிஎம்ஐ 37. என் அப்பாவும் சித்தப்பாவும் இரைப்பைப் புற்றுநோயில் போனார்கள். எனக்கு பைபாஸ் சொல்லியிருக்கிறார்கள்.

பதில்: இதை உங்கள் மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் நாளைக்கே சொல்லுங்கள். பைபாஸுக்குப் பிறகு உள்ளே மிஞ்சும் பெரிய இரைப்பையைச் சாதாரண எண்டோஸ்கோபியால் எட்டிப் பார்க்கமுடியாது. அங்கே ஏதாவது முளைத்தால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். சுகருக்கு பைபாஸ் ஒரு படி மேல் என்று மதுரைக்காரருக்குச் சொன்னேன், ஆனால் உங்கள் குடும்பத்துக்கு அந்த ஒரு படியைவிட இது பெரிது. ஸ்லீவ் செய்தால் மிஞ்சும் இரைப்பையை எப்போது வேண்டுமானாலும் உள்ளே விட்டுப் பார்க்கலாம். அறுவைக்கு முன்பே எண்டோஸ்கோபியில் திசு எடுத்து, இரைப்பைப் புற்றுநோயோடு தொடர்புள்ள எச். பைலோரி கிருமி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மருந்து முடித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதித்த பிறகே தேதி குறியுங்கள்.