எல்-சார்புக்குள் மோனாய்டு ஏன் வருகிறது?

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். புராஜெக்டுக்கு எல்-சார்புகளை (ரீமன் ஜீட்டா போல, பகா எண்ணுக்கு ஒரு காரணி வீதம் பெருக்கிக் கிடைக்கும் சார்புகள்) எடுத்திருக்கிறேன். எதைத் திறந்தாலும் மோனாய்டு என்று வருகிறது. குலம் போதாதா? மோனாய்டைத் தனியாகப் படிக்க வேண்டுமா?

பதில்: தனியாகப் படிக்க வேண்டாம். பெருக்கலும் சமனியும் இருந்து, எல்லா உறுப்புக்கும் நேர்மாறு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாதது மோனாய்டு; நேர்மாறும் இருந்தால் குலம். ஒரு கணக்கைக் கையால் போடுங்கள், காரணம் அதிலேயே இருக்கிறது.

2-அடிக் எண்களில், 2-ஆல் எத்தனை முறை வகுபடுகிறதோ அவ்வளவு சிறிய எண்: 2, 4, 8-இன் அளவுகள் 1/2, 1/4, 1/8. பூஜ்ஜியம் தவிர்த்த 2-அடிக் எண்கள் பெருக்கலில் ஒரு குலம். 2-அடிக் முழு எண்களில் 1, வெளியே 0 என்று மதிப்புள்ள சார்பை எடுத்து, எண்ணின் 2-அடிக் அளவின் எஸ் அடுக்கோடு பெருக்கி, குலத்தின் மேல் தொகையிடுங்கள். 2-இன் மைனஸ் எஸ் அடுக்கை 'க' என்று வைத்தால், 1 + க + க² + … = 1/(1 − க). ரீமன் ஜீட்டா சார்பில் 2-க்கு உரிய ஆய்லர் காரணி இதுதான்.

தொடர் ஏன் முடியவில்லை? 2, 4, 8 என்று 2-அடிக் முழு எண்கள் அந்த அளவில் பூஜ்ஜியத்தை நெருங்கிக்கொண்டே போகின்றன, பூஜ்ஜியமோ குலத்தில் இல்லை. குலத்துக்குள்ளேயே கச்சிதமாக அடங்கும் (பூஜ்ஜியத்துக்கு அருகே 0 ஆகிவிடும்) சார்பை எடுத்திருந்தால் சில உறுப்புகளோடு தொடர் நின்றிருக்கும், துருவமே (மதிப்பு முடிவிலியாகும் இடம்) வந்திருக்காது. துருவம் வேண்டுமென்றால் பூஜ்ஜியத்தைச் சேர்த்தாக வேண்டும். சேர்த்ததும் நேர்மாறு போய்விடுகிறது, பெருக்கலும் சமனியும் நிற்கின்றன. சரி, மோனாய்டு வந்துவிட்டது.

இனி 2×2 அணிகள். அணிக்கோவை பூஜ்ஜியமாகும் அணிகளையும் சேர்த்துக்கொண்டு எண்ணின் அளவுக்குப் பதில் அணிக்கோவையின் அளவை வைத்து இதே கணக்கைப் போட்டால் 1 + 3க + 7க² + … = 1/((1 − க)(1 − 2க)). அந்த 3 எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு கெழுவும் உட்குலங்களின் எண்ணிக்கை; முழு எண் அணியின் நிரல்கள் ஓர் உட்குலத்தை உருவாக்குகின்றன, அணிக்கோவை அதன் குறியெண்ணைத் தருகிறது. தளத்தின் முழு எண் புள்ளிகளில் குறியெண் 2 உள்ள உட்குலங்கள் மூன்றுதான்: முதல் ஆயம் இரட்டையாக இருப்பவை, இரண்டாவது ஆயம் இரட்டையாக இருப்பவை, இரண்டின் கூடுதல் இரட்டையாக இருப்பவை. இதை எழுதிப் பார்க்காமல் நகராதீர்கள்.

முதல் கணக்கு ஜான் டேட்டின் 1950 ஆய்வேட்டைச் சேர்ந்தது. அணிகளுக்கு அதை விரித்தவர்கள் கோட்மாவும் ஜாக்கேயும், 1972-இல். எல்லா அணிகளும் சேர்ந்து ஒரு வெக்டர் வெளி என்பதால் ஃபூரியே மாற்றம் கிடைக்கிறது, அதிலிருந்து சார்புச் சமன்பாடும் வருகிறது. ஆனால் இது 'ஸ்டாண்டர்டு' எனப்படும் அடிப்படை எல்-சார்புக்கு மட்டும். சமச்சீர் வர்க்க (symmetric square) எல்-சார்பு போன்றவற்றுக்கு வேறு மோனாய்டுகள் வேண்டும். அவை பெரும்பாலும் வழுவழுப்பானவை (smooth) அல்ல, அங்கே எந்தச் சார்பை எடுப்பது என்பதே கடினமான கேள்வி. 2000-இல் பிராவர்மனும் கஷ்தானும் இந்த முறையைப் பொதுவான எல்-சார்புகளுக்கு விரிக்க ஒரு திட்டம் வைத்தார்கள். அப்புறம் ஙோ பாவ் சாவ் வின்பர்க் மோனாய்டு வழியாக அதை முன்னெடுத்தார். அங்கே சார்புச் சமன்பாட்டுக்குத் தேவைப்படும் பாய்சான் கூட்டல் (ஒரு சார்பின் கூட்டுத்தொகையை அதன் ஃபூரியே மாற்றத்தின் கூட்டுத்தொகையோடு சமப்படுத்தும் வாய்பாடு) பொதுவாக இன்னும் ஊகம்தான்.

உங்கள் புராஜெக்ட் 1972-இல் நிற்கட்டும், அதற்கே போதுமான வேலை இருக்கிறது. அடுத்து 3×3 அணிகளுக்குப் போடுங்கள். 'க'-வின் கெழு 7 வர வேண்டும்.