அனுபவமுள்ள தொழில்முறை ஆட்டக்காரர்கள் அணியின் இளையவர்களுக்கு நல்ல வழிகாட்டிகளா?

பெரும்பாலும் ஆமாம், ஆனால் அனுபவம் மட்டும் போதாது. வழிகாட்டி வேறு, பயிற்சியாளர் வேறு. யார் ஆடுவது என்று முடிவு செய்கிறவர் பயிற்சியாளர். வழிகாட்டி நம்மோடு சேர்ந்து ஓடுகிறவர், அதனால்தான் "அண்ணே, பயமா இருக்கு" என்று அவரிடம் மட்டும் ஒரு பையனால் சொல்ல முடிகிறது. தோற்ற மறுநாள் எப்படித் திடலுக்கு வருவது, கால் வலியை மறைக்காமல் எப்போது சொல்வது, முதல் சம்பளத்தை என்ன செய்வது, இதெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் வரும்.

சரி, சிக்கல் எங்கே? பல வருடம் செய்த வேலை உடம்பில் ஊறிவிடும், அப்புறம் அதை வாயால் விளக்குவது கஷ்டம். எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பெரியவர்களைக் கேளுங்கள். வெட்டும் ஆழம் குறைந்தால் பால் குறையும், கூடினால் மரம் காயப்படும். சரியான ஆழம் அவர்கள் கைக்குத் தெரியும். "இப்படித்தான்" என்று கத்தியை இழுத்துக் காட்டுபவரிடம் புதியவர் அதிகம் கற்பதில்லை. தொடக்கத்தில் தானே மரத்தைக் காயப்படுத்தியதை மறக்காதவரிடம்தான் கற்கிறார். ஆட்டக்காரர்களும் அப்படியே, காயமும் தோல்வியும் கண்டு அதை வெட்கப்படாமல் பேசுகிறவரை இளையவர்கள் தேடிப் போக வேண்டும் என்பேன்.

பெரிய பதக்கம் வாங்கியவர்தான் வழிகாட்ட முடியும் என்று பலர் நினைப்பது தவறு: பயிற்சியாளர்களிடம்கூட இதைப் பார்க்கலாம், மலேசியப் பூப்பந்தில் மிஸ்புன் சிடேக் ஆட்டக்காரராக ஒலிம்பிக் பதக்கம் பெற்றதில்லை, பிறகு அவரிடம் பயிற்சி பெற்ற லீ சோங் வெய் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார்.