மாவிலை வாழையிலையாக இழுபடுவது ஏன்?

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி நடத்தும் என் சித்தப்பாவுக்காக, அன்றாட விலையைக் காட்டும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றைச் செய்து வருகிறேன். இடது மேல் மூலையில் மாவிலை வரைந்த பச்சைப் பெட்டிக்குள் ஒவ்வொரு ரகத்தின் விலையும் வர வேண்டும். ‘நீலம்’ என்றால் பெட்டி ஒழுங்காக இருக்கிறது. குறிப்புகளோடு நீளமாக வரும் பெங்களூராவுக்கு மாவிலை இழுபட்டு வாழையிலையாகிவிடுகிறது. படத்தின் மேலேயும் இடப்பக்கமும் கறுப்புக் கோடு வேறு தெரிகிறது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ‘கார்டு.பிஎன்ஜி’ என்று சேமித்திருக்கிறேன். வரைந்து தந்தவர் மறுபடியும் பணம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான்: உங்கள் படத்தை ஆண்ட்ராய்டு நைன்-பேட்ச் படமாகவே (எந்தப் பகுதி நீள வேண்டும் என்று ஓரக் கோடுகளால் குறித்த படமாக) எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பின் பெயர் ‘.9.பிஎன்ஜி’ என்று முடிந்து, அது படங்களை வைக்கும் ட்ராயபிள் ஃபோல்டருக்குள் இருந்தால்தான், செயலியை பில்டு செய்யும்போது (அதாவது தொகுத்து உருவாக்கும்போது) அந்தக் கோடுகள் குறிப்புகளாகப் படிக்கப்பட்டு, படத்திலிருந்து நீக்கப்படும். இல்லையென்றால் அது சாதாரணப் படம். இலை, கோடு எல்லாம் சேர்ந்தே நீளும்.

ஆனால் இப்போதுள்ள கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் படம் ஜேபெக்காகச் சுருங்கி, சுத்தக் கறுப்பு அழுக்குச் சாம்பலாகிவிடும். ஓரத்து ஒரு பிக்சல் வரிசை சுத்தக் கறுப்பாகவோ நிறமே இல்லாத முழு வெறுமையாகவோ (அல்லது சுத்த வெள்ளையாகவோ) இல்லாமல், சாம்பல் போன்ற நிறம் கலந்தால் பில்டு நின்றுவிடும். அப்போது வரும் பிழைச் செய்தி புதியவர்களுக்கு எளிதில் புரியாது. ஆகவே மூலப் படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்கி, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவிலேயே கோடுகளை நீங்களே போடுங்கள். படம் 60 பிக்சல் அகலம், இலை முதல் 22 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், மேல்கோட்டை 26-இல் தொடங்கி 34-இல் நிறுத்துங்கள். இடப்பக்கக் கோடும் இலை முடிந்த பிறகே தொடங்க வேண்டும். கோடு உள்ள பகுதி மட்டுமே நீளும், மூலைகள் அசையா.

இங்கே ஓர் எச்சரிக்கை. “ஐந்து அளவிலும் படம் தருகிறோம்” (வெவ்வேறு திரைத் துல்லியங்களுக்கு ஒவ்வோர் அளவு) என்று ஐந்து மடங்கு விலை சொல்பவர்களில் சிலர், கோடு போட்டு முடித்த ஒரே படத்தை 1.5, 2, 3, 4 மடங்காகப் பெரிதாக்கித் தருகிறார்கள். அப்போது கோடும் தடித்து மங்கிவிடும். முதலில் படத்தைப் பெரிதாக்கி, பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு பிக்சல் கோடு போடுவதே முறை. இலை இல்லாத வெறும் வட்டமூலைப் பெட்டிக்கும் படம் விற்கிறார்கள். அதற்குப் படமே வேண்டாம், செயலிக்குள் எழுதும் சில வரி எக்ஸ்எம்எல் குறியீடு போதும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் படியுங்கள். வலப்பக்கமும் கீழேயும் போடும் கோடுகள், எழுத்து எங்கே அமர வேண்டும் என்பதைச் சொல்பவை. அவற்றைப் போடாவிட்டால் மேல், இடக் கோடுகளே அந்த வேலைக்கும் எடுத்துக்கொள்ளப்படும். அதாவது 26-க்கு முந்தையதும் 34-க்குப் பிந்தையதும் வெற்றிடமாகி, விலை நடுவில் நெருக்கியடித்து நிற்கும். கோடு போட்டும் எழுத்து நகரவில்லையென்றால், திரையின் அமைப்பைச் சொல்லும் லேஅவுட் கோப்பில் அந்தப் பெட்டிக்குத் தனியாக பேடிங் (எழுத்தைச் சுற்றிய இடைவெளி) எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது இருக்கும்வரை படத்தின் கோடு எடுபடாது, அதை அழித்துவிடுங்கள்.