விற்கப்போகும் இளங்குதிரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டரை வயது மார்வாரி ஆண்குதிரை இருக்கிறது. ஜம்பிங் பழக்குபவர்களுக்கு விற்க ஆசை. ஆள் ஏறி ஒரு மீட்டர் தடையைத் தாண்டுகிற வீடியோ இருந்தால் விலை கூடும் என்கிறார் தரகர். எடுக்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: எடுக்காதீர்கள். முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள வளர்தட்டு (எலும்பு நீண்டு வளரும் குருத்தெலும்புப் பகுதி) மூடவே ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை வயது ஆகிறது. முதுகெலும்பில் அது முழுதாக மூட ஐந்து வயது தாண்டும். உயரம் வந்துவிட்டதால் முதுகு தயார் என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் பாரத்தோடு தாண்டி இறங்கும்போது முழு எடையும் முன்னங்காலில்தான் விழும். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்துத் தரை எப்படி இறுகிக் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதில் நாலு முறை தாண்ட விட்டால் முழங்காலுக்குக் கீழே உள்பக்கமாக எலும்பு முடிச்சு கிளம்பும். வலி போனாலும் முடிச்சு பெரும்பாலும் போகாது. வாங்க வருபவரின் மருத்துவர் முதலில் தடவிப் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான்.

இளம் ஜம்பிங் குதிரைகளுக்கான உலக சாம்பியன்ஷிப்பே 5, 6, 7 வயதுப் பிரிவுகளில்தான் நடக்கிறது. விஷயம் தெரிந்தவர் இரண்டரை வயதில் ஒரு மீட்டர் தாண்டும் வீடியோவைப் பார்த்தால் அந்தக் குதிரையை விட்டு விலகத்தான் செய்வார். தெரியாதவர் வாங்கினால் மறுவாரமே ஒன்றேகால் மீட்டர் வைப்பார். இரண்டிலும் அடிபடுவது குதிரை.

வேறு என்ன காட்டலாம்? கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, இருபது மீட்டர் நடத்திப்போய்த் திரும்புங்கள். பிறகு அதே தூரம் ட்ராட், அதாவது மெதுவான ஓட்டம். முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கவாட்டிலும் எடுங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம், பாட்டுச் சேர்க்கவும் வேண்டாம். குளம்புச் சத்தம் காதில் விழ வேண்டும். ட்ராட்டில் அது சீரான இரண்டு தட்டாக வரும். நொண்டும் குதிரை, வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். அந்த ஒரு அசைவுக்காகத்தான் தேர்ந்த கண் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும். நாலு காலையும் வரிசையாகத் தூக்கிக் குளம்பு சுத்தம் செய்ய விடுகிறதா, வண்டியில் அமைதியாக ஏறுகிறதா என்பதையும் சேருங்கள். இந்த வயதில் விற்க வேண்டிய பயிற்சி இதுதான்.

போட்டோவுக்கு: போனைக் குதிரையின் வயிற்று உயரத்தில் பிடித்து, எட்டுப் பத்து மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்தால் தலை பெருத்தும் பின்பாகம் சிறுத்தும் விழும். நாலு காலும் தெரிய வேண்டும், குளம்பைப் புல் மறைக்கக் கூடாது.

கேள்வி: விற்பதற்குள் உடம்பு ஏற்ற வேண்டும் என்று மூன்று வயதுக் குதிரைக்குத் தவிடு, கொள்ளு, பசுவுக்கு வளர்க்கும் கோ-4 புல் மூன்றும் தாராளமாகப் போடுகிறோம். மேனி மினுக்குகிறது. ஆனால் முகத்து எலும்பு இருபக்கமும் புடைத்திருக்கிறது, ஒருநாள் இந்தக் கால், மறுநாள் அந்தக் கால் என்று நொண்டுகிறது.
– வாசகர், ஆரணி

பதில்: விளம்பரத்தை நிறுத்திவைத்து, இன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். நீங்கள் சொல்வது கால்சியம் பற்றாக்குறையால் வரும் முகவீக்கத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் சுமார் ஒரு சதவீதம், கால்சியம் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. கோ-4 போன்ற நேப்பியர் ரகங்களில் ஆக்சலேட் அதிகம், அது இருக்கிற கால்சியத்தையும் குடலில் கட்டிப்போடும். பசுவின் முன்வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி கிடையாது. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் இருக்க உடம்பு எலும்பிலிருந்து உருவும். முகத்து எலும்பில் கரைந்த இடத்தை நார்த்திசு நிரப்பும். அதுதான் புடைப்பு.

தவிட்டை நிறுத்துங்கள். நேப்பியரைக் குறைத்துக் குதிரைமசால் கொண்டுவாருங்கள், பத்து நாளில் படிப்படியாக. மசால் கிடைக்காவிட்டால் நம் மாவட்டங்களில் எளிதாகக் கிடைக்கும் நிலக்கடலைக் கொடி நல்லது. ஆனால் வேரோடு வரும் மண்ணை உதறித் தட்டாமல் போட்டால் குடலில் மணல் சேர்ந்து வயிற்றுவலி வரும். பூஞ்சை வாடை அடித்தால் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்குங்கள். மருந்துக்கடையில் டைகால்சியம் பாஸ்பேட்டைக் கொடுப்பார்கள், அதில் பாஸ்பரஸும் இருக்கிறது. இப்போது தேவை கால்சியம் கார்பனேட், அதாவது தீவனச் சுண்ணாம்புத் தூள். அளவை எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும். மொத்தத் தீவனத்தில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு இருக்க வேண்டும்.

எடைமேடை இல்லாவிட்டால் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்து, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரையிலான நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுங்கள். அளவு சென்டிமீட்டரில் இருந்தால் விடை கிலோவில் வரும். சுற்றளவு 160, நீளம் 145 என்றால் சுமார் 312 கிலோ. அந்த எடைக்குக் காய்ந்த கணக்கில் தினமும் ஐந்து கிலோவாவது நார்த்தீவனம் வேண்டும். பச்சைப்புல்லில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதையும் கணக்கில் எடுங்கள். கொள்ளை வேகவைத்து, ஆறவைத்து, சிறு அளவாகப் பிரித்துக் கொடுங்கள். உப்பு 30 கிராம். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கை வைத்தால் தட்டுப்பட வேண்டும். அதற்கு மேல் ஏற்றும் கொழுப்பு வளரும் மூட்டுக்குச் சுமை.

கேள்வி: பிறந்த தேதிச் சீட்டு இல்லை. விளம்பரத்தில் வயதையும் உயரத்தையும் எப்படிப் போடுவது?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: பால்பல் விழுந்து நிலைப்பல் வருவதை வைத்து: முன்வரிசையில் நடு ஜோடி இரண்டரை வயதில், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். ‘பல் பார்த்து ஏறக்குறைய மூன்றரை’ என்றே எழுதுங்கள், வட்டமாக ‘நாலு’ என்று ஏற்றாதீர்கள். உயரத்தை லாடம் இல்லாமல், சமதரையில், பிடரிமயிர் முடியும் மேட்டில் அளந்து சென்டிமீட்டரில் தாருங்கள். குதிரைக்காரர் சொல்லும் ‘கை’ நாலு அங்குலம், 15 கை என்றால் 152 செ.மீ. பந்தய ரகமான தரோபிரெட் என்றால் ஸ்டட் புக் (வம்சப் பதிவேடு) பாஸ்போர்ட் எண்ணும் மைக்ரோசிப் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கட்டையைக் கடித்துக் காற்று விழுங்கும் பழக்கம் உண்டு. கால் சுளுக்கி ஆறியதும் உண்டு. விளம்பரத்தில் எழுதித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், வாலாஜா

பதில்: ஆம், இரண்டையும், எப்போது வந்தது, என்ன சிகிச்சை என்பதோடு. தீவனத் தொட்டியில் பல் பதிந்த தடமும் மேல் முன்பல்லின் தேய்மானமும் வருபவர் கண்ணில் படாமல் போகாது. பார்க்க வரும் நாளில் பினைல்பியூட்டசோன் என்ற வலிநிவாரணி ஊசி போட்டு நொண்டலை மறைப்பது ஏமாற்று. வலி தெரியாமல் ஓடி, பாதி ஆறிய தசைநார் முழுதாகக் கிழியும். வாங்குபவர் கேட்டால் அன்றே ரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்தச் சம்மதியுங்கள்.

கேள்வி: பொய்கைச் சந்தைக்குக் கொண்டுபோய்க் காட்டலாமா? வெளிமாநிலத்துக்காரர் வாங்கினால் என்ன காகிதம் வேண்டும்?
– வாசகர், ஆம்பூர்

பதில்: செவ்வாய்க்கிழமை மாட்டுச்சந்தைக் கூட்டமும் இரைச்சலும் பழகாத இளங்குதிரைக்கு ஆகாது. உங்கள் லாயத்திலேயே காட்டுங்கள். வெளியூருக்கு அனுப்பும் முன் கிளாண்டர்ஸ், தொற்று ரத்தசோகை இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இதற்கான பரிசோதனை நடக்கிறது. மாதிரியை உங்கள் கால்நடை மருத்துவர் மூலம் அனுப்புங்கள். முடிவு வர நாளாகும் என்பதால் விளம்பரம் போடும்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள். பயணத்துக்குத் தகுதிச் சான்றிதழும், ரணஜன்னி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிப் பதிவும் கூடப் போகட்டும். விற்காமல் வெளியிலிருந்து திரும்பி வந்தால் மூன்று வாரம் தனி இடம், தனி வாளி. தினமும் காலையில் வெப்பநிலை பாருங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டி, தாடைக்கடியில் கட்டி தட்டுப்பட்டால் மற்றக் குதிரைகளிடம் போகாமல் நேரே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.